டன்ரோ அணியின் காய ஏடு

எங்கள் ஊர் அணியைப் பற்றி யார் எது கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். டன்ரோவில் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி தொடங்கியது 1963இல். எழுபத்தெட்டில் அரங்கம் எரிந்தபோது ஒரு பருவம் முழுக்க உறைந்த ஏரியில் ஆடினோம். கோப்பை வென்றது ஒரே முறை, தொண்ணூற்று நான்கில். முப்பத்தோரு வருடமாக இதையெல்லாம் எழுதி வருகிறவள் நான், டார்லீன் ப்ரோகோப்.

காய ஏடு தனி. ஊரில் டாக்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து வருபவர் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் யார் ஆடலாம், யார் உட்கார வேண்டும் என்று சொல்வார்.

கோப்பை வென்ற ஆண்டு கோல்கீப்பர் என் மகன் ஜெரால்ட். அரையிறுதிக்கு முந்தைய வாரம் தலையில் அடிபட்டு விழுந்தான். ஏட்டைத் திறந்தேன். பயிற்சியாளர் லைல் ஸ்டாட்னிக் என் தோளில் கை வைத்தார்.

"இத எழுதாத டார்லீன். எழுதினா டாக்டர் உக்கார வச்சிடுவாரு. பையன் நல்லாத்தான இருக்கான்."

பேனாவை மூடினேன். இறுதி ஆட்டத்தில் ஒருவன் அவன்மேல் மோதினான். ஜெரால்ட் எழுந்து, ஜெயிக்கும்வரை நின்றான். உடை மாற்றும் அறையில் விழுந்தவன் அதன்பிறகு கண் திறக்கவில்லை. வயது பதினேழு.

லைல் அழுதார். அடுத்த பருவம் அவரே ஒரு விதி கொண்டுவந்தார். தலையில் அடி என்றால் உடனே எழுத வேண்டும். இரண்டாவது முறை பட்டால் அந்தப் பருவம் ஆட்டமே கிடையாது. ஊரே அவரைப் பாராட்டியது. கோப்பை வென்ற அந்த வசந்தத்தில்தான் அவருக்கு ரீஸ் பிறந்திருந்தான். தன் பிள்ளை தொட்டிலில் கிடந்தபோது அவருக்கு விதி ஞாபகம் வந்திருக்கிறது. எனக்குப் பொறுமை அதிகம்.

ரீஸ் பதினேழு வயதில் அணிக்கு வந்தான். நல்ல பிள்ளை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது என் பெட்டியைப் பேருந்தில் ஏற்றி வைப்பான். நவம்பரில் பயிற்சியின்போது அரங்கின் பக்கச் சுவரில் தலை மோதியது. லைல் அன்று ஊரில் இல்லை. பையன் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"மிஸஸ் ப்ரோகோப், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. எழுதிக்கங்க. இல்லன்னா அப்பா கத்துவாரு."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு கண்ணு."

வெள்ளிக்கிழமை டாக்டர் ஏட்டைப் புரட்டினார். அவன் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. ரீஸிடம் போய்ச் சொன்னேன்: "டாக்டர் ஏட்டப் பாத்தாரு. நீ ஆடலாம்னு சொன்னாரு." இரண்டும் உண்மை. அவன் அதையே அப்பாவிடமும் சொன்னான்.

ஜனவரியில் லைல் பார்க்காத நேரத்தில் இன்னொரு அடி; பையன் மறுபடி என்னிடமே வந்தான், அதே பதிலைச் சொன்னேன். அதையும் நான் எழுதவில்லை. பிப்ரவரி பதினொன்று, சொந்த அரங்கில், ஒரு சாதாரண மோதல். எழுந்துவிடுவான் என்று எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் லைல் ஏட்டோடு என் முன் வந்து நின்றார். இரண்டு அடியையும் என்னிடம் சொன்னதை ரீஸ் நண்பர்களிடம் சொல்லியிருந்தானாம்.

"அன்னைக்கு நான்தான் எழுதாதன்னேன். பதினெட்டு வருஷமா அதச் சுமக்கறேன். இப்ப உன்கிட்ட யார் சொன்னா, டார்லீன்?"

அவரை உட்காரச் சொல்லி, காபி ஊற்றிக் கொடுத்தேன்.

"யாரும் சொல்லல லைல். இந்தத் தடவ நானாத்தான் எழுதல."

ஜெரால்டுக்கு அடிபட்டபோதும் பேனா என் கையில்தான் இருந்தது என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் இருப்பவர் ஏதேதோ பேசுவார், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரீஸ் இப்போது நகரத்துக் காப்பகத்தில் இருக்கிறான். பேச்சு இல்லை. தலை சாயாமல் இருக்க நாற்காலியோடு சேர்த்துப் பட்டை கட்டியிருக்கிறார்கள். நீங்கள் என்னைக் கைது செய்யும்வரை ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போய், ஆப்பிள் கூழ் ஊட்டிவிட்டு வந்தேன். அவனுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான்.