கல்வெட்டில் ஏறிய நண்டுக்கறி

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் வயதான சகோதரிகள் இருவர் இருந்தார்கள்.

"என்ர கல்வெட்டு அச்சடிச்சு முடிஞ்சுது," என்றார் அக்கா. "செத்த திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கு."

கல்வெட்டு என்பது ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஆள் திடமாகத்தான் இருந்தார்.

"கல்வெட்டை உன்ர மகன் எழுதுவான்தானே?" என்றார் தங்கை.

"அம்மாவின்ர கல்வெட்டில அண்ணை என்ன போட்டவர்?"

"பொறுமையின் சிகரமெண்டு."

"அம்மா அப்பாவுக்குச் சட்டியால எறிஞ்சவ."

"ஓம், குழம்போட."

"இப்ப பேரப்பிள்ளையள் அவ பொறுமைசாலியெண்டு நம்புதுகள். ஒப்பாரியில பொய் சொன்னா அடுத்த நாள் மறந்துபோம். அச்சில வந்தா அதுதான் உண்மை."

"அப்ப நீ என்ன போட்டனீ?"

"கோபக்காரியெண்டு போட்டன். நண்டுக்கறியில என்னை ஒருத்தரும் வெல்லேலாதெண்டும் போட்டன்."

"என்னைப் பற்றி?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அந்தக் கறியை என்னட்டைப் பழகிப்போட்டுத் தன்ரயெண்டு சொல்லித் திரிஞ்ச அன்புத் தங்கச்சியெண்டு."

பம்பலப்பிட்டியில் தங்கை மடியிலிருந்த கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். பஸ்ஸிலேயே சண்டை வந்துவிடும் என்று நினைத்தேன்.

"அந்த வரியை வெட்டச் சொல்லு."

"எல்லாம் புத்தகமாக் கட்டி வீட்டை வந்திட்டுது."

"சரி. நான் உனக்குப் பிறகுதான் சாவன்," என்றார் தங்கை. "மறுப்பு என்ர கல்வெட்டில வரும்."