மார்லிஸின் முதல் ரிவால்வர்

காலையில் நான் முட்டையைப் பொரிப்பதில்லை, வேகவைக்கிறேன். பொரித்தால் வாணலியில் எண்ணெய் தங்கும். அதைச் சுடுநீரில் கழுவி, துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் என்னால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. இப்போது அதற்குத் தெம்பில்லை. முட்டை வேகும்வரை ஜன்னல் வழியே சாலையைப் பார்க்கிறேன். தின்றுவிட்டு மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறேன். மனைவியை அடக்கம் செய்தவன் இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வர வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

நீங்கள் நேற்று என் சமையலறையைப் பார்த்துவிட்டு, "எப்பவுமே இவ்வளவு சுத்தமா வெச்சுப்பீங்களா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் நானே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மார்லிஸ் முன்பெல்லாம் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டாள். திரைச்சீலையின் நிறம், எந்தப் பல் மருத்துவரிடம் போவது, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் கேட்பாள். நான் அப்படிப் பழக்கவில்லை. அவள் சுபாவமே அது. இந்த இலையுதிர் காலத்தில் அது மாறிவிட்டது. லூயிவில் நகரத்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு வந்து, சோள ரொட்டியைப் பிட்டபடி சொன்னாள்.

"அங்க வீடும் பார்த்துட்டேன், நீல். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

அடுத்த வாரம் ரிவால்வர் வேண்டும் என்றாள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இருந்தவற்றின் நகல். அதற்குத் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு அறையிலும் கரிமருந்தை ஊற்றி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் உள்ள துவாரத்தில் சின்னச் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் தொப்பி வெடித்து, அந்தத் தீ துவாரம் வழியே போய் மருந்தைப் பற்றவைக்கும். அவள் அப்பா எங்கள் ஊர் கரிமருந்துத் துப்பாக்கிக் கழகத்தின் தூண். மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார், மகளை மட்டும் துப்பாக்கியைத் தொடவிட்டதில்லை. ஊரைவிட்டுப் போகுமுன் தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றாள். எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே அதில் பழக்கம். கூடப் போனேன்.

ஆர்வில் ஹக்கின் துப்பாக்கிக் கடை உங்களுக்குத் தெரியும். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றின் உடல் பித்தளை, இன்னொன்று எஃகு. மார்லிஸின் கை பித்தளைக்குப் போனது.

"மினுக்குதுல்ல? எல்லாரும் முதல்ல அதுலதான் விழுவாங்க" என்றார் ஆர்வில். "பித்தளை நெகிழும்மா. கொஞ்ச நாள் போனா ஆடிப்போயிடும். கல்யாணத்துக்கு எடுக்கிற பையன் மாதிரிதான், அழகைப் பார்த்து எடுக்கக் கூடாது."

"அதை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

"உன் புருஷனைப் பாரு, பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி நிக்கிறான். அவனையும் ஒரு வார்த்தை கேளேன்."

"எதுக்கு? சுடப்போறது நான்தானே."

எஃகை எடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காகத்தான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது ஒரு சிறு விஷயம்.

"புதுசுல தொழிற்சாலை எண்ணெய் அப்பியிருக்கும்" என்றார் ஆர்வில். "மருந்து போடறதுக்கு முன்னாடி வெறும் தொப்பியை மட்டும் வெச்சு ஒவ்வொரு துவாரத்துலயும் வெடிச்சு எண்ணெயை எரிச்சுட்டு, சுத்தமாத் துடைக்கணும்."

"அது இவன் வேலை. எண்ணெய்னாலே இவனுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்ப வெளியே போனாள்.

ஆர்விலிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை துப்பாக்கி வாங்குபவர் விதிகளைத் தம் வாயால் திருப்பிச் சொன்னால்தான் பெட்டி கைக்கு வரும். "ஏம்மா, சொல்லிட்டுப் போ" என்று கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன் என்றேன். கழகத்து ஆள், கட்டியவன், போதாதா? எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்னேன். கடைசி விதியையும் சொன்னேன்: தொப்பி மட்டும் வெடித்து மருந்து பற்றாவிட்டால், உள்ளே தீ தங்கியிருந்து தாமதமாக வெடிக்கலாம், குழல் இலக்கையே பார்த்திருக்கட்டும், கடவுளே கூப்பிட்டாலும் திருப்பாதே. ஆர்வில் பெட்டியை என்னிடம் தந்தார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள்.

வீட்டில் ரிவால்வரின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தேன். துவாரங்களைத் தொடவில்லை. மார்லிஸுக்கு மற்ற எல்லா விதிகளையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தேன். நல்ல மாணவி. கடைசி விதியை மட்டும் சொல்லவில்லை. துவாரத்தில் எண்ணெய் இருந்தால் கட்டாயம் தாமதமாகத்தான் வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் உடனே வெடிக்கும், அல்லது வெடிக்காமலே போகும். நான் அவளைக் கொல்ல நினைத்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவளுக்குத் தெரியாத ஒன்று வரட்டும், அப்போது என்ன செய்கிறாள் என்று பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் அப்பாவின் பழைய சரளைக்கல் குழிக்குப் போனோம். முதல் இரண்டு குண்டும் போயின. புகைக்குள் நின்று அவள் சிரித்தாள். மூன்றாவதில் தொப்பி மட்டும் வெடித்தது.

அவள் முணுமுணுத்துக்கொண்டு தானாகவே குழலைத் தன் பக்கம் திருப்பினாள் என்று அன்று உங்களிடம் சொன்னேன். அது பொய். குழல் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. கை கூட ஆடவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

கேட்காமல் திருப்பியிருந்தால் நான் கத்தித் தடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அவள் கேட்டாள். அத்தனை நாள் கழித்து என்னிடம் ஒன்று கேட்கிறாள், அதற்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையசைத்தேன்.

அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நீல், இதைத் திருப்பிப் பார்க்கலாமா?"