இணைப்பில் தடங்கல்

ஆளெடுக்கும் வேலையில் இருப்பவனுக்கு உறவினர்கள் தானாகவே பெருகிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போனால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மகன் என்ன படித்திருக்கிறான் என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். "கம்ப்யூட்டர்ல போடச் சொல்லுங்க. அதுக்கு மாமன் மச்சான் கிடையாது." இதைச் சொல்லும்போது எனக்கே என் மீது மரியாதை வரும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அத்தானின் நேர்காணலில் எழுந்த சிவப்புக் கொடியை நான் ஏன் மூடினேன் என்று. ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வரி உங்களுக்குத் தவறாகப் புரியும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் விமானங்கள் நெடுநாள் தரையில் நின்றது உங்களுக்குத் தெரியும். அப்போது வீட்டுக்கு அனுப்பிய விமானிகள் நாங்கள் கூப்பிட்டபோது திரும்பி வரவில்லை. ஒருவர் கோழிப்பண்ணை வைத்துவிட்டார். இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன் செய்தேன். "இதுல கோளாறுன்னா ஓரமா நிறுத்திட்டு இறங்கி நடக்கலாம் சார்" என்று சிரித்தார். பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள், ஓட்ட ஆளில்லை. அப்படி ஒரு ஆள் பஞ்சத்தை நான் பார்த்ததில்லை.

ஆன்லைன் தேர்வு முறையைக் கொண்டுவந்தது நான்தான். விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, வீடியோ நேர்காணல் எல்லாம் அதிலேயே. நேர்காணலில் எதிரே மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். திரையில் கேள்வி வரும். அவரவர் வீட்டிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். இயந்திரம் கேட்டு மதிப்பெண் போடும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வகுத்துக் கொடுத்தவன் நான். துணை விமானிகளுக்குப் பணிவு என்ற குணத்துக்கு நிறையக் கொடுத்திருந்தேன். எதிர்த்துப் பேசுகிறவர்கள் சீக்கிரம் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பது என் அனுபவம். இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் சிவப்புக் கொடி காட்டும். அதை மட்டும் மனிதன் பார்க்க வேண்டும். அந்த மனிதன் நான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். பெரிய விமானி. அவருடைய தேய்த்த வெள்ளைச் சட்டைகள் நாற்காலி முதுகில் வரிசையாகத் தொங்கும். அவற்றைத் தாண்டிப் போகும்போது நான் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். இதே நிறுவனத்தில் பெட்டிகளை எடை போடும் இடத்தில் எனக்கு முதல் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதன் பிறகு எத்தனையோ படி ஏறிவிட்டேன். ஆனாலும் அலுவலகத்தில் என் பெயர் 'கேப்டன் மச்சான்'தான். கான்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெருந்தன்மை என்பது வேறென்ன?

ஆட்குறைப்பில் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வேறு தொழில் தேடினார்கள். அவர் மட்டும் தினமும் சவரம் செய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிடம் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கேப்டன் கிடைக்காவிட்டால் மாலை விமானத்தை நிறுத்திவிடுவோம், உங்கள் தேர்வு முறையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்றது. அந்த வாரம்தான் அத்தான் விண்ணப்பம் போட்டார். நான் போடச் சொல்லவில்லை. அவராகவே போட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. பார்வையாளர் அறையில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவரை எடுத்துடாதடா" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நடுவுல நின்னு போயிடறாரு. பேசிக்கிட்டே இருப்பாரு, அப்படியே நின்னுடும். கண்ணு திறந்துதான் இருக்கு, ஆளு அங்க இல்ல. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, விட்ட இடத்துலேருந்து பேசறாரு. நின்னதே அவருக்குத் தெரியல."

டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்தாலே வீடு இரண்டுபடுகிறது என்றாள். வேலைக்காகப் போகும் பரிசோதனையில் அவர் எதையும் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாததை எப்படிச் சொல்வார்?

"நீ வேண்டாம்னு போட்டுட்டா முடிஞ்சது. வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாரு. நான் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா என்னை மன்னிக்க மாட்டாரு."

"பார்த்துக்கறேன்க்கா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றால் எதை, எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அக்காவும் கேட்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அத்தான் நேர்காணலைச் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து கொடுத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கருப்பு டை. பின்னால் திறந்த ஜன்னல், நீலத் திரைச்சீலை. எஞ்சின் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. அவர் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார்.

முதலில் இணையம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் இருந்தது, உறைந்த படம் மாதிரி. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உப்பி எழுந்து, மெல்ல அமர்ந்து, மறுபடி எழுந்தது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை வந்து அவர் தோளில் அமர்ந்தது. அக்காவின் வளையலை எனக்குத் தெரியாதா? அவர் அசைந்ததும் கை மறைந்துவிட்டது. அவர் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்து வாக்கியத்தை முடித்தார்.

இயந்திரம் கொடி காட்டியிருந்தது. விளக்கமில்லாத இடைவெளி, மூளை நரம்பு மருத்துவரிடம் அனுப்பவும் என்று. கீழே கொடியை மூடுவதற்கான காரணங்கள் சில இருந்தன. 'இணைப்பில் தடங்கல்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கொடி மறைந்து, பச்சை வந்தது.

ஆள் பஞ்சம்தான் காரணம். இதை உங்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மாலை விமானம் நின்றால் எத்தனை குடும்பங்கள் சிரமப்பட்டிருக்கும்? ஒரு மனிதர் எப்போதோ கொஞ்ச நேரம் நின்றுபோகிறார். பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கிறாரே. இரண்டு பேரை உட்கார வைப்பதே அதற்குத்தானே.

அன்று சாயங்காலம் அத்தான் போன் செய்தார். "என்ன சார், என் தலையெழுத்து இப்ப உங்க கையிலயாமே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதுவரை என்னை அவர் 'சார்' என்று கூப்பிட்டதே இல்லை. நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். நான் இன்னும் கொஞ்சம் காத்திருக்க விட்டேன். பிறகு, "கிடைச்சிடுச்சு அத்தான்" என்றேன். அவர் அழுதார். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், கொடியை மூடியது அந்தப் போனுக்கு முன்னால்தான். ஆனால் அப்படி ஒரு போன் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அக்கா மறுபடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நீ தடுக்கவில்லையா என்றுகூடக் கேட்கவில்லை. கம்பெனி டாக்டரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்றாள். போயிருப்பாள். அவள் பிடிவாதக்காரி.

"நீ சொன்னதுக்காகவே ஸ்பெஷலா டெஸ்ட் எடுக்க வச்சேன்க்கா. மூளையைப் படம் எடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணுமில்ல. தூக்கம் பத்தலயாம், அவ்வளவுதான்."

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நீ நல்லா இருக்கணும்டா என்று என்னை வாழ்த்தினாள். அப்படி ஒரு பரிசோதனை நடக்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தையாவது நான் கொடுத்தேன்.

விமானத்தின் குரல் பதிவை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் போட்டுக் காட்டினீர்கள். இறங்கும் நேரம், தெளிவான வானம். அத்தான் ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறார். நிற்கிறார். துணை விமானி, ஒரு இளம்பெண், "சார்" என்கிறாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "சார்?" குரலில் பயம் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. பெரியவர் ஏதோ யோசிக்கிறார், குறுக்கிடக் கூடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் கையை நீட்டியபோது தரை வந்துவிட்டது. பணிவில் அவள் வாங்கிய மதிப்பெண் அந்த வருடத்திலேயே அதிகம். அவளை எடுத்ததும் நான்தான்.

விமானத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இறங்கினார்கள். மீதிப்பேர் உடல்களாக இறக்கப்பட்டார்கள். முன்னால் இருந்த விமானிகள் இரண்டு பேரும் அந்த மீதியில்தான்.

அதன் பிறகும் நான் வேலைக்குப் போனேன். நேர்காணல்களைப் பார்த்தேன். யாராவது பதிலை யோசிக்கக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், என் பார்வை அவர்களை விட்டுப் பின்னால் போய்விடும். ஏதாவது ஆடுகிறதா என்று தேடுவேன். ஒரு செடியின் இலை, ஒரு நாட்காட்டித் தாள். அது ஆடும். முகம் ஆடாது. எனக்கு வியர்த்துவிடும். பிறகு அவர்கள் பேசத் தொடங்குவார்கள், நான் மூச்சு விடுவேன். லிஃப்டில், கடையில், எங்கும் இதே கதைதான். சற்று முன் நீங்கள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். அப்போது நான் மின்விசிறியைப் பார்த்தேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். உங்கள் ஆட்கள் அவளை விசாரித்தபோது, கணவருக்கு அப்படி ஒரு கோளாறு இருந்தது எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்று அவளை வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். காரில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னேன்னு சொன்னா உன் வேலை போயிடும். நீ என்ன பண்ணுவ, டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்தா? நான்தான் டாக்டர் காலைப் பிடிச்சாவது சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணோட அம்மா முகத்தை எப்படிடா பார்ப்பேன்?"

சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது, வண்டியை எடுத்தேன்.

நான் மறைக்கவில்லை, பாருங்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினேன். பரிசோதனை நடந்ததாகப் பொய் சொல்லி அக்காவைத் தடுத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள். அக்கா உங்களிடம் சொன்னது அப்படியே இருக்கட்டும். நான் இங்கே சொன்னது அவள் காதுக்குப் போக வேண்டாம். பழியோடு இருக்க அவள் ஒருமாதிரி பழகிவிட்டாள், சாப்பிடக்கூட ஆரம்பித்திருக்கிறாள். கணவரும் போய், தம்பியும் இல்லையென்று ஆகிவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்காகக் கேட்கவில்லை. நான் எப்போதும் அவளைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.