ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

— ...அப்ப அங்க போய் என்னதான் செய்யிறனீங்கள்?

— படுக்கிறனாங்கள் அம்மா.

— படுத்து?

— படுத்து... அவ்வளவுதான்.

— உதுக்கு மோர்னிங்சைட் வரைக்கும் போக வேணுமே? உனக்கு வீட்டில கட்டில் இல்லையே?

— இருக்கு. நான் படுத்தால் நீங்கள் வக்குவம் கிளீனரோட வருவீங்கள்.

— ஞாயிறுதானே எனக்கு வீடு கூட்ட நேரம். சொல்லு, ஆர் நடத்திறது?

— ஜூலியன். நேர்ஸா இருக்கிறா. அவவின்ர ஹோலில பாய் விரிச்சு, யன்னல் சீலையை இழுத்துவிடுவா. போனை வாசல் கூடைக்குள்ள போட வேணும். பாய் நான்தான் வாங்கிக் குடுத்தனான், தமிழ்க் கடையில.

— பன்புல்லில பின்னின பாயே?

— ஓம். யோகா பாயில படுத்தால் முதுகு வேர்க்குதாம்.

— ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அந்தச் சங்கம் இந்தச் சங்கம்... எல்லாத்துக்கும் சங்கம் வைச்ச எங்கட ஆக்களே படுக்கிறதுக்கு ஒண்டு வைக்கேல்லை, செரீனா.

— வைச்சிருந்தால் ஆர் தலைவர் எண்டு அடிபட்டு ஒருத்தரும் படுத்திருக்க மாட்டினம்.

— பகிடியை விடு. அப்பாவைப் பார். விடியவே ஓவர்டைம் எண்டு மிசிசாகாவுக்கு ஓடிட்டார். மனுசன் எயார்போர்ட்டில பெட்டி தூக்குது, மகள் பாயில நீட்டி நிமிந்து...

— ம்.

— என்ன 'ம்'? வேற ஆர் ஆர் வாறது?

— எல்லாரும் அப்பான்ர ஆக்கள்தான். கறுப்பு ஆக்கள். ஜெனாட் அக்கா பஸ் ஓடுறா. ஒஷாவாவில இருந்தும் ரெண்டு மூண்டு பேர் வருவினம்.

— தமிழாக்களும் களைக்கிறவைதான்.

— களைக்கிறவைதான். நீங்கள் கொஞ்சம் சாய்ஞ்சால், பாவம், களைச்சுப்போனா எண்டுவினம். நாங்கள் சாய்ஞ்சால், பார், சோம்பேறியள் எண்டுவினம். அப்பான்ர ஆக்களைக் கப்பலில ஏத்தினதே வேலைக்குத்தானே அம்மா.

— நீ அரைவாசி தமிழ்.

— ரோட்டில ஒருத்தரும் என்னை அரைவாசியாப் பாக்கிறேல்லை.

— அதுக்குப் படுத்தால் சரியாயிடுமே?

— ஜூலியன் சொல்லுவா, ஓய்வு எண்டது சம்பளம் மாதிரி இல்லை, உழைச்சுத்தான் வாங்க வேணும் எண்டில்லை. சும்மா இருக்கிற நேரமும் நாங்கள் பெறுமதியான ஆக்கள்தானாம்.

— அப்ப சாப்பாடு ஆர் தாறது? அதுவும் சும்மா வருமே?

— நாங்களே சமைச்சுக் கொண்டுபோறது. நிறைய. கடுதாசிப் பிளேட் இல்லை, ஆகத் திறமான பீங்கான். நடுவில பூ. தலகணிக்குப் பட்டு உறை.

— ஆர் விசிட்டர்?

— ஒருத்தருமில்லை. நாங்கள்தான்.

— விசிட்டர் இல்லாமல் பட்டு உறையே!

— உங்கட கண்ணாடி அலுமாரிப் பீங்கான் ஆருக்கு வைச்சிருக்கிறீங்கள்?

— ஆரும் பெரிய ஆக்கள் வந்தால்...

— நான் பிறந்த நாளில இருந்து பாக்கிறன். அந்தப் பெரிய ஆக்கள் இன்னும் வரேல்லை.

— வாய். ஞாயிறில பூசைக்கு வரச் சொன்னால் நேரமில்லை.

— ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தவர் அம்மா.

— ஆறு நாள் வேலை செய்திட்டு.

— அப்பாவும் ஆறு நாள்தானே செய்யிறார்.

— ஏழு.

— ஓம்... ஏழு. ஏழுதான் சொல்ல வந்தனான்.

— அலெக்ஸாண்டர் மாமா என்ர கலியாணத்துக்கு முதல் என்ன சொன்னவர் தெரியுமே?

— தெரியும். கறுப்பு மாப்பிள்ளை உன்னை உழைக்க விட்டிட்டுச் சும்மா இருந்து சாப்பிடுவான் எண்டு.

— அது அப்பான்ர காதிலயும் விழுந்தது. அண்டு தொட்டு மனுசன் சும்மா இருக்கேல்லை. போன பனிக்காலம் பெட்டி தூக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து, கிழமையில ஒரு நாளாவது படுங்கோ எண்டு டொக்டர் கெஞ்சினவர். இன்னொருக்கா விழுந்தால் எழும்ப மாட்டார் எண்டு என்னட்டைத் தனியாச் சொன்னவர். அடுத்த கிழமையே உன்ர அப்பா வந்து சொல்லுறார், ஞாயிறும் ஓவர்டைம் எடுத்திருக்கிறாராம். சொன்னாக் கேக்கிற ஆளே?

— ...எனக்கு நேரமாச்சு அம்மா.

— நில். சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டுப் போயிட்டார். இந்தா, அவரிட்டைக் குடுத்திட்டுப் போ.

— தாங்கோ. போற வழியில குடுக்கிறன்.

— மோர்னிங்சைட் போற வழியில?

— ஓ... ஓம்.

— மிசிசாகா எப்ப இந்தப் பக்கம் வந்தது?

— இல்லை, முதல் அங்க போய், பிறகு...

— அது மேற்கு, இது கிழக்கு. நீ திரும்பி வாறதுக்கிடையில அவை படுத்தெழும்பிடுவினம்.

— வேகமாப் போவன்.

— மெதுவாப் போ. வாசலில அப்பான்ர சப்பாத்துக் கிடக்குது, தடக்குப்படாதை.

— எந்தச் சப்பாத்து?

— வேலைச் சப்பாத்து. முன்னுக்கு இரும்பு வைச்சது. அது இல்லாமல் பெட்டி தூக்கிற இடத்துக்குள்ள ஆரையும் விடாங்கள். ஞாயிறு ஞாயிறு அது இங்கதான் கிடக்குது.

— அம்மா...

— பின்னேரம் வரேக்கை கன்னத்தில பாய்த் தடம். பெட்டி தூக்கிற மனுசனுக்குக் கன்னத்தில எப்பிடிப் பாய்த் தடம் வரும்?

— ...என்ர பக்கத்துப் பாய்தான் அப்பான்ர.

— ம்.

— கோவமே?

— முதல் நாளே படுத்தவரே?

— இல்லை. கதிரையில நிமிர்ந்து இருந்தவர், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. ஜூலியன் ஒண்டும் கேக்கேல்லை, பக்கத்தில ஒரு தலகணியை மட்டும் வைச்சிட்டுப் போனா. அதுக்கடுத்த கிழமை தானாப் போய்ப் படுத்தார்.

— குறட்டை விடுறவரே?

— விடுறவரோ! ஜெனாட் அக்கா பாயை இழுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போயிடுவா.

— நல்லது... பெட்டியை நேராப் பிடி. சரிஞ்சால் குழம்பு ஊத்தும்.

— என்ன இது இவ்வளவு பாரம்? ஒராளின்ர சாப்பாடே?

— றோல்ஸ் ஆளுக்கு ரெண்டு வரும் எண்டு நினைக்கிறன். எத்தினை பேர் எண்டு எனக்குச் சரியாத் தெரியாது. அடியில துவாயால சுத்தியிருக்கிறது பீங்கான். உடைச்சுப்போடாதை.

— கண்ணாடி அலுமாரிப் பீங்கானே? அம்மா, அதைக் கண்டால் அப்பாவுக்கு விளங்கிடுமே. நான் என்ன சொல்ல?

— நீ களவா எடுத்துக்கொண்டு வந்தனீ எண்டு சொல்லு. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால், எழும்பி வேலைக்குப் போயிடுவார்.