கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு குரல்

காளியப்பன் வைக்கிற பருப்புக் குழம்பைப் போல எங்கள் ரிக் வண்டியில் வேறு யாரும் வைத்ததில்லை. நான் அவனை என்றும் குறை சொன்னவன் இல்லை.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனிக்கு நான் மேனேஜர். போர்வெல் போட எங்கள் வண்டிகள் சத்தீஸ்கர் வரை போகும். வெளிமாநிலம் போனால் சிம் கார்டைச் சமையல்காரன் பேரில் வாங்குவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் முறை போட்டு ஊருக்கு வந்துபோவார்கள். அவன் அடுப்பை விட்டு நகர முடியாது. போன் வண்டியிலேயே தொங்கும். யார் வேண்டுமானாலும் பேசலாம். அங்கே போயிருந்தபோது நானும் பேசினேன்.

காட்டுப் பக்கத்து ஆள் ஒருவன் அதில் கூப்பிட்டான். தங்கள் ஊருக்கு ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தால் வண்டிக்குத் தொந்தரவு வராது என்றான். தண்ணீர்தானே, சரி என்றேன். போலீஸ் ஜீப்புக்குக் குண்டு வைத்தவன் என்று அவன் நெற்றியிலா எழுதியிருந்தது?

பிறகொரு நாள் அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் மகள் யாழினி எந்தப் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. லேப்டாப்பில் ஒரு பதிவை ஓடவிட்டார். ரிக் வண்டிக் கம்ப்ரசரின் இரைச்சலுக்கு நடுவே என் குரல் இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

"சிம்மு காளியப்பன் பேர்ல இருக்கு. பேசறது அவன்தானா?"

"அவனேதானுங்க."

ஜாமீன் கிடைக்காத சட்டத்தில் அவனை உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து நான் இந்தியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுகிறேன். யாழினி சத்தமாகச் சிரித்தால்கூட அதட்டுகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் பேய்க்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

போன மாதம் காளியப்பன் மனைவி ராசம்மாள் வந்தாள். இரைச்சலில் குரலை ஒப்பிட முடியவில்லையாம். இனி என் சாட்சிதான் மிச்சம்.

"சாமி, அவருக்கு இந்தி தெரியாதுன்னு கோர்ட்டுல நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. ஊட்டுக்கு வந்துருவாருன்னு வக்கீலு சொல்றாருங்க."

"அழுவாத அம்மிணி. நான் வாரேன்," என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை, போனேன். கூண்டில் நின்ற காளியப்பன் என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். ஆள் பாதியாகியிருந்தான். அவன் இந்தி நன்றாகப் பேசுவான், நானே கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ராசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை போல. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனை நினைத்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம். காட்டிலும் மேட்டிலும் படுத்துப் பழகிய உடம்பு, எங்கே போட்டாலும் கிடந்துகொள்வான். எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே அடைத்த அறை ஒத்துக்கொள்ளாது.