நாலரை மணி லோஞ்ச்

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வழுக்கி விழுந்ததில்லை. உங்கள் படிவத்தின் முதல் கேள்விக்கு அதுதான் பதில், தயங்காமல் எழுதிக்கொள்ளுங்கள் மிஸ். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே ஆனையே வந்து குளித்தாலும் சறுக்க விடமாட்டேன். குளிக்கிற இடத்தில் சாக்கு விரித்திருக்கிறேன், சுவர் நீளத்துக்குப் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறேன், கிணற்றுக்குப் பலகை மூடி செய்வித்துப் பூட்டும் போட்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்த்து, இந்த வீட்டை மற்ற இடங்களுக்கு உதாரணமாகக் காட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் பதினோராவது கேள்விக்கு நீங்களே பதில் எழுதிக்கொண்டு வந்துவிட்டீர்கள். 'காணாமல் போனவர் ஒருவர். தவராசா, வயது எழுபத்தெட்டு. 1997ஆம் ஆண்டு இனந்தெரியாதவர்களால் கொண்டு செல்லப்பட்டார்.' அதை வெட்டிவிட்டு நான் சொல்கிறபடி எழுத வேண்டும். அதற்காகத்தான் கதவைச் சாத்திவிட்டு இருந்து கதைப்போம் என்றேன்.

இந்த மாதிரி இடத்துக்கு உங்கள் படிவத்தில் நீண்ட பெயர் ஒன்று இருக்கிறது. பாலையூற்றுச் சனத்துக்கு இது றீற்றாவின் வீடு, அவ்வளவுதான். நினைவு தடுமாறி அறளை பெயர்ந்த தாயையோ தகப்பனையோ வைத்துப் பார்ப்பவர்கள் களைத்துப் போனால், ஒரு கிழமை, பத்து நாள் இங்கே கொண்டுவந்து விடுவார்கள். வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்கள், தலைக்கு முழுகுவார்கள், ஒரு சாவீட்டுக்கோ கலியாணவீட்டுக்கோ போவார்கள். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் அற்றென்டனாக வேலை செய்தவள். மூத்திரச் சீலைக்கும் வசைக்கும் பழகிய கை இது. ஒரே நேரத்தில் ஏழு பேரை வைத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்களே, என் சொந்த யோசனை ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூற்றைந்தில் ஒரு மனுசி வாசல் படலை தாண்டிப் போய், ஆமிச் சென்றியில் பெயர் சொல்லத் தெரியாமல் விடியும்வரை இருந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் சீலைப்பை தைத்தேன். உள்ளே அடையாள அட்டை, அதோடு மூன்று மொழியிலும் எழுதிய ஒரு துண்டு. 'இவருக்கு நினைவு சரியில்லை. பயப்பட வேண்டாம். தயவுசெய்து இந்த விலாசத்தில் சேர்த்துவிடவும்.' பையைச் சட்டையின் உட்பக்கத்தில், அவர்களுடைய கை போகாத இடத்தில் ஊசியால் குத்திவிடுவேன். அடையாள அட்டை இல்லாமல் கக்கூசுக்குப் போகவே சனம் யோசித்த காலம். அந்தப் பையால் மூன்று பேர் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

தவராசா ஐயா கட்டைபறிச்சான் ஊர் ஆள். இருபத்தாறு வருடம், கடலில் ஆள் ஏற்றி ஓடுகிற மூதூர் லோஞ்சில் சுக்கான் பிடித்தவர். தொண்ணூறில் ஊர் இடம்பெயர்ந்தபோது மகள் குணேஸ்வரி அவரைத் தன்னோடு டவுனுக்குக் கூட்டிவந்தாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், தனிப் பிள்ளை, கலியாணம் கட்டவில்லை. பகலில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள், இரவு முழுக்க அவள் பார்ப்பாள். அவர் நித்திரை கொள்கிற ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் என்னிடம் விடுவாள். கொண்டுவந்து விடுகிற அன்று அவளுடைய கண்ணைப் பார்த்தால், இவர்கள் இருவரில் எனக்கு வந்த ஆள் யார் என்று கேட்கத் தோன்றும்.

ஐயாவில் எனக்குக் கோபம் இருந்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணியானால் தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி, படலையடியில் வந்து நிற்பார். அவருடைய கணக்கில் நாலரைக்கு லோஞ்ச் வெளிக்கிடும், அவர் போகாவிட்டால் சனம் நிற்கும். லோஞ்ச் போய்விட்டது ஐயா, நாளை விடிய முதலாவதில் போவோம் என்று நான் சொன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

"சுக்கான் பிடிக்கிறவன் இஞ்சை நிக்கிறன். லோஞ்ச் எப்பிடிப் பிள்ளை போகும்?"

சிரிப்பேன். முதல் நாள் சிரிப்பு வரும், மூன்றாம் நாளும் வரும். அவர் படலையைப் பிடித்து உலுக்குவார், கத்துவார். அவர் கத்தினால் மற்ற ஆறு பேரும் கத்துவார்கள். மரியம்மா என்று ஒரு வயதுபோன மனுசி பயத்தில் கட்டிலோடு மூத்திரம் போய்விடுவாள். ஏழு மணிக்குத்தான் வீடு அடங்கும். அந்தக் கடைசி முறை வந்தபோது இரண்டு தரம் வேலிக் கிடுகைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு தரமும் பையிலிருந்த துண்டைப் பார்த்துச் சென்றிக்காரர் கூட்டிவந்து விட்டார்கள். இரண்டாம் தரம் வந்த ஆமிப் பெரியவர் தன்னுடைய கொச்சைத் தமிழில் தன்மையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இன்னொருக்கா வந்தா நான் பொறுப்பு இல்லை. இந்த வீடு மூடுறது."

அன்று நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒருவருக்காக வீட்டை மூடினால் மற்ற ஆறு பேரும், அவர்களுடைய ஆறு குடும்பமும் எங்கே போவது. நியாயமான கணக்கு. இன்றைக்கும் அதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. குணேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பி அவரைக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முறை அவரைக் கொண்டுவந்து விட்டபோது, குசினியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவள் எனக்கு ஒன்று சொன்னாள்.

"றீற்றாக்கா, ஒரு நாளைக்கு அப்பா இல்லாத வீட்டிலை நித்திரையாலை எழும்பினா எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சுப் பாத்தனான். பிறகு என்ரை வாயிலை நானே அடிச்சுக்கொண்டன்."

நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். பின் பாதி என் காதில் விழவில்லை என்று சொன்னால் பொய். விழுந்தது.

அது ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் ஐயாவைக் குளிக்க வார்த்தேன், சவரம் செய்தேன், தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். சட்டை மாற்றினால் பையைக் கழற்றிப் புதுச் சட்டையில் குத்துவது வழக்கம். அன்று குத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் இந்த வீட்டில் மறதி மற்றவர்களுடைய தொழில். பையை அலுமாரியில், என்னுடைய சீலைகளுக்கு அடியில் வைத்தேன். அது இருந்தால் மூன்றாம் தரமும் கூட்டிவந்து விடுவார்கள்.

நான்கு மணிக்கு அவர் படலைக்கு வந்தார். நான் பூட்டைத் திறந்தேன். "லோஞ்ச் வந்திட்டுது ஐயா, போங்கோ" என்றேன். அவர் அவசரப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். அடுத்ததில் வருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு நடந்தார். ஒழுங்கை முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல நிமிர்ந்த நடை. பிறகு படலையைப் பூட்டிவிட்டு வந்து மரியம்மாவுக்குக் கஞ்சி பருக்கினேன். அன்று பின்னேரம் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு மணிக்கு ஆள் அனுப்பிக் குணேஸ்வரியைக் கூப்பிட்டேன். மரியம்மாவைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தேன், ஒழுங்கையில் ஒரு வான் நின்ற சத்தம் கேட்டது, வந்து பார்த்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது, ஆள் இல்லை என்றேன். பூட்டை நானே கல்லால் உடைத்து வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்தக் காலத்தில் முடிந்தது. கிழமைக்கு இரண்டு பேர் இப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள், மூன்றாவதாக ஒருவரை யாரும் துருவிக் கேட்கவில்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். வான் வந்த நேரத்தில் தான் வீட்டில் நித்திரையாகக் கிடந்தாளாம். மூன்று மாதத்தில் அன்றுதான் நன்றாக நித்திரை வந்ததாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்றாம் நாள், கடலில் எடுத்த ஒரு பிரேதம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் செய்தி வந்தது. வயதானவர், கையில் காகிதம் ஒன்றும் இல்லை. குணேஸ்வரியோடு நானும் போனேன். பிரேத அறை வாசலில் அவள் நின்றுவிட்டாள். "அக்கா, எனக்குப் பாக்க ஏலாது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. உங்களை எனக்கு நம்பிக்கை" என்றாள். அங்கே காவல் ஆதம்பாவா, என்னோடு வேலை செய்தவர். என்னை மட்டும் உள்ளே விட்டார்.

முகம் ஊதியிருந்தது, ஆனாலும் தெரிந்தது. சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டியபடியே இருந்தது. இறங்குதுறை ஜெட்டிவரை போய்ச் சேர்ந்திருக்கிறார், மிஸ். எத்தனை சென்றி தாண்டினாரோ, எந்தக் கரை வழியே நடந்தாரோ, யாருக்கும் தெரியாது. லோஞ்ச் கட்டுகிற இடத்தில், லோஞ்ச் நிற்கிறது என்று காலை எடுத்து வைத்திருப்பார். அதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

"தெரிஞ்ச ஆளா றீற்றா?" என்று ஆதம்பாவா கேட்டார்.

இவர்தான் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி, பை எங்கே என்பது. அந்தப் பையைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசியவள் நான். இல்லை என்றேன். வெளியே வந்து, "அவர் இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் என் காலடியில் நிலத்தில் குந்தி, கோணேசருக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள். அவரை இலக்கம் போட்டுப் பொதுச் சவக்காலையில் தாட்டார்கள். அந்த இலக்கம் எனக்குத் தெரியும், உங்களுக்கு எழுதித் தருகிறேன். படலையைத் திறந்தது ஒரு பின்னேரத்துப் பாவம். பிரேத அறை வாசலில் சொன்ன அந்தச் சொல், ஐந்து வருடமாக நான் செய்துகொண்டிருக்கிற பாவம்.

ஏனென்றால் அவள் தேடுகிறாள். படத்தோடு முகாம் முகாமாகப் போனாள், தெற்கே பூசா சிறை முகாம் வரைக்கும் போனாள். இரண்டு விசாரணையில் நானும் போய், வான் சத்தம் கேட்டது என்று சத்தியம் பண்ணினேன். ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாம் விரதம் பிடித்துக் கடலில் தீர்த்தம் ஆடுவார்கள். அவள் அன்றைக்கு வேண்டுமென்றே காலையிலேயே சாப்பிடுவாள், அப்பா இருக்கிறார் என்று. அவள் சாப்பிடுகிறபோது நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். ஞாயிறு பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்குவதில்லை. பங்குச் சுவாமி காரணம் கேட்டார். வயிறு சரியில்லை என்று அவருக்கும் ஒரு பொய்.

அவளுக்கு இப்போது இரவில் நித்திரை வராது. தான் நித்திரை கொண்டதால்தான் தகப்பனைப் பறிகொடுத்தேன் என்று நினைக்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். சும்மா முழித்துக்கொண்டிருக்கிறதுக்கு உங்கடை படலையிலை இருக்கிறன் அக்கா என்று வந்தவள்தான். நான்கு வருடமாக இந்த வீட்டின் இரவுக் காவல் அவள். சம்பளம் வாங்குவதில்லை. உங்கள் படிவத்தில் 'இரவுக் காவல் மிகச் சிறப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்ட வேண்டாம், அது உண்மை.

எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். தவராசாவைச் சாக அனுப்பியது றீற்றா, அவரை அடையாளம் கண்டும் இல்லை என்றது றீற்றா. பொலிசுக்குக் கொடுப்பதானாலும் கொடுங்கள். ஒன்று மட்டும், கொஞ்சம் மெல்லக் கதையுங்கள். பக்கத்து அறையில் குணேஸ்வரி படுத்திருக்கிறாள், விடிய ஆறு மணிக்குத்தான் கண்ணை மூடினாள். அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். பாவம், எழும்பட்டும். ஐந்து வருடமாக அவள் எழும்பட்டும், சொல்லுவோம் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.