முஸம்மிலின் மூக்கு

— குடிக்கவா சொல்றன் முஸம்மில்? மணந்து பாரு எண்டுதானே கேக்கிறன்.

— கிளைட்டன், நான் திறீவீலர் ஓடுறவன். ஹோட்டலுக்கு ஆள் ஏத்த வந்தவனப் புடிச்சி பீர் கிளாஸ மூக்குக்கு நேரா நீட்டுற. யாரும் கண்டா கல்பிட்டி முழுக்கக் கதையாகிடும்.

— இந்த பீர் காய்ச்சுற அறைக்குள்ள என்னையும் உன்னையும் விட்டா ஆரு? கதவையும் சாத்திட்டன். சரி, ஒருக்கா மட்டும்.

— சட்டையில சிகரட் வாசம் அடிச்சாலே மபாஸா கதைக்காம இரிக்கிறவ. இது பட்டா ஊட்டுக்குள்ளயே எடுக்க மாட்டா.

— உன்ட பொஞ்சாதிக்கு நான் சொல்றன். இது சும்மா பீர் இல்ல மச்சான், பில்ஸ்னர். பார்லியும் ஹொப்ஸ் எண்ட கசப்புப் பூவும்தான் கப்பல்ல வந்தது. மத்ததெல்லாம் நம்மட பக்கம். கனமூலைச் சிவப்பரிசி, தேசிக்காய்த் தோல், புத்தளத்து உப்பு ஒரு சிட்டிகை.

— எங்கட மாமாட ஊரு அரிசிய இதுக்குள்ளயா போட்ட? அல்லாவே.

— கோவிக்காத. பின்னேரம் முதலாளி ருசி பாக்க வாறார். பிடிச்சா தொடர்ந்து செய்யலாம். இல்லாட்டி அறையையும் பூட்டி என்னையும் வீட்ட அனுப்பிடுவார்.

— அப்ப நிரோஷனக் கூப்புடு. குசினியில சும்மாதானே நிக்கிறான்.

— அவனுக்குக் குடிக்கக் கிடைச்சா காணும். எதக் குடுத்தாலும் நல்லம் எண்டுதான் சொல்லுவான்.

— நீயே குடிச்சிப் பாரு.

— பாத்தன். கசப்பு சரி, நுரையும் நிக்குது. மணத்தை நீ சொல்லு. நீ நல்லமெண்டா வைப்பன், கூடாதெண்டா ஊத்துவன்.

— தா இங்க.

— கிளாஸ விட்டு மூக்க எடுக்கவே மாட்டாய் போல. எப்பிடி?

— நாறுது. ஊத்திடு.

— சரி. தள்ளி நில்லு, தொட்டிக் குழாயத் திறக்கிறன்.

— டேய், என்ன செய்ற? எல்லாத்தயும் கழிவுக் கானுக்குள்ள விடப் போறியா?

— நாறுறத முதலாளிக்குக் குடுக்கவா?

— நான் ஒரு வார்த்த சென்னதுக்கா? நீயும் மணந்து பாரன்.

— ஏலாது.

— ஏன் ஏலாது?

— போன மாரிக்கு வந்த காய்ச்சலோட மூக்கு செத்துப் போச்சு முஸம்மில். கருவாடும் தெரியாது, புகையும் தெரியாது. மகள்ட தலைய மணந்தாலும் ஒண்டுமில்ல. இத ஞாபகத்துலதான் காய்ச்சினன். ஆருக்கும் சொல்லல்ல. மூக்கில்லாதவன பீர் காய்ச்ச ஆரு வச்சிருப்பான்?

— குழாயப் பூட்டு.

— கைய விடு.

— பூட்டு எண்டு செல்றன். நாறல்ல. பொய் சென்னன்.

— பரிதாபப்பட்டுச் சொல்றியா?

— வல்லாஹி இல்ல. கேளு. முதல்ல தேசிக்காத் தோல நகத்தால கீறின மாதிரி. பொறகு மழ பட்ட புல்ல வெட்டின வாசம். அடியில, சோறு வடிக்கக்குள்ள முகத்துல அடிக்குமே, அந்த ஆவி.

— சோத்து ஆவியும் வருதா?

— வருது. ஒண்ட ஒண்டு அமத்தாம நிக்கிது.

— நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு. பிறகு ஏன்டா நாறுது எண்டு சொன்னாய்?

— அந்த மணத்துக்கு எனக்கே ஒரு வாய் குடிக்கோணும் போல வந்திட்டுது மச்சான்.